407இல் கடைசி 97

அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்பால் ஆட்டக்காரர் பட அட்டைகளின் செட்டைச் சேர்த்து முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மொத்தம் 407 அட்டை. 310 வரை பொறுமையும் ஓரளவு பணமும் போதும். 311இல் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேண்டில் வழிமறிப்பார். அவர் அட்டையின் எக்கச்சக்க விலை ஊரறிந்தது. கூத்து என்னவென்றால், அந்த அட்டை இரட்டிப்பாக அச்சடிக்கப்பட்டது! அவருக்குப் பின்னால் வரும், யாரென்றே தெரியாத ஆட்டக்காரர்கள் பலர்தான் அவரைவிட அரிது. 311 முதல் 407 வரையிலான இந்தக் கடைசி வரிசை பேஸ்பால் சீசன் முடிகிற நேரத்தில் வந்ததால் கடைக்காரர்கள் சீண்டவில்லை. தேங்கியதை 1960இல் டாப்ஸின் சை பெர்கர் அட்லாண்டிக்கில் கொட்டிவிட்டார். நல்ல மனுஷன்.

முதல் அட்டையும் லேசில்லை. ஆண்டி பாஃப்கோ கட்டின் மேலேயே இருந்தவர். ரப்பர் பேண்ட் தழும்பில்லாமல் கிடைப்பது அபூர்வம். 1 முதல் 80 வரை பின்பக்கம் கறுப்பிலும் உண்டு, சிவப்பிலும் உண்டு. போதாததற்கு, கறுப்பில் 48 ஜோ பேஜ், 49 ஜானி செயின் இருவரின் பின்பக்க வாழ்க்கைக் குறிப்பும் ஒருவருக்கொருவர் இடம் மாறிய பிழை அட்டைகள் உண்டு. அவையும் சேர்ந்தால்தான் செட் என்று சிலர் அடம்பிடிப்பார்கள்.

வாங்குமுன் அளந்துவிடுங்கள்: 2⅝க்கு 3¾ அங்குலம். கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்து, முனை மட்டும் கூர்மையாக இருந்தால், நைந்த ஓரத்தை யாரோ நறுக்கியிருக்கலாம்.