மொதல்ல மைக்க வாங்குங்க, ஸ்க்ரீன பொறவு பாப்போம்

யாழ்ப்பாணத்துல ஒரு சேர் லெக்சர் எடுப்பாரு, மலைநாட்டுல ஹட்டன்ல நம்ம புள்ளைங்க ஒக்காந்து வீடியோல கேக்கும், ரெண்டு கெம்பஸும் ஒரே க்ளாஸாயிடும்னு இப்ப எல்லாரும் பேசுறாங்க. சுவர் நெறைய ஸ்க்ரீன், ரிப்பன் வெட்டு, போட்டோ. நான் இத வேணாம்னு சொல்ற ஆள் இல்லங்க, தமிழ்ல விஞ்ஞானமும் கணக்கும் படிச்சிக் குடுக்க மலைநாட்டுக்கு ஆள் தேடி அலைஞ்சவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனா ரெண்டு வருஷமா அந்த தூரத்து ரூம்ல கதவோரமா ரிமோட்ட கையில வச்சிக்கிட்டு நிக்கிறவன் நான், அதனால சொல்றேன், படம் தெளிவா தெரியுதாங்கிறது இங்க பிரச்சினையே இல்ல. சத்தம்தான் பிரச்சினை.

போன வருஷம் ஆடி மாசம், எங்க பக்கம் மழை எப்படின்னு தெரியும்தானே, தகரத்துல கொட்டுற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவன் பேசுறதே கேக்காது. எங்க ரூமுக்கு இருந்தது லெப்டொப் மைக் ஒன்னுதான். ஒரு தங்கச்சி கைய தூக்கி மூனு தரம் கேள்வி கேட்டுச்சி, மென்பொருள் மழை சத்தத்த அமுக்குறேன்னு புள்ளையோட குரலையும் சேத்து அமுக்கிடுச்சி. சேர் மேல குத்தமில்ல, அவரு பாக்குற எடத்துல எங்க நாப்பது பேரும் முத்திரை அளவு ஒரு பெட்டிக்குள்ள. க்ளாஸ் முடிஞ்சி அந்த தங்கச்சி கொப்பிய தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து கேக்குது. நான் கொமர்ஸ் படிச்சவன்மா, எனக்கென்ன தெரியும்!

கணக்க பாருங்க. பேச்சு மட்டும் போறதுக்கு இன்டர்நெட் வேகம் நூறு கேபிபிஎஸ் (kbps) கூட தேவப்படாது, நல்ல தெளிவான வீடியோவுக்கு ரெண்டு மூனு எம்பிபிஎஸ் (Mbps) வேணும், அதாவது இருவது முப்பது மடங்கு. சிக்னல் எறங்குனா மொதல்ல கெமராவ ஓஃப் பண்ணனும், நம்மாளுங்க செய்றது தலைகீழ், படம் நின்னா பதறுவாங்க, சத்தம் ஒடஞ்சா "கேக்குது கேக்குது"ன்னு தலையாட்டுவாங்க. இதுல சிலதுங்க அதே ரூம்ல போன்லயும் மீட்டிங்க தொறந்து வச்சிக்கும், ஒரு ஸ்பீக்கர் சத்தம் இன்னொரு மைக்ல ஏறி நாய் ஊளையிடுற மாதிரி ஒரு ஊளை.

லைன் சரியில்லன்னா சட்டலைட் போடலாமேன்னு சொல்றவங்களுக்கு ஒன்னு. பழைய வகை சட்டலைட் 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல நிக்குது, கேள்வி போயி பதில் வர்றதுக்கே அர செக்கனுக்கு கிட்ட ஆயிடும், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிப்பாங்க, ரெண்டு பேரும் நிறுத்துவாங்க. 2025 ஜூலைல இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் 550 கிலோமீட்டர் கிட்ட சுத்துறதால அந்த இழுவை இல்ல, ஆனா பில்லு யாரு கட்டுறது?

கொரோனா நேரம் 2020ல பல்கலைக்கழகங்கள இணைக்கிற லேர்ன் (LEARN) வலையமைப்பு வழியா கெம்பஸ் புள்ளைங்களுக்கு சூம் டேட்டா வெட்டாம குடுத்தாங்க, நல்ல விஷயம். ஆனா தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னலே இல்லாதவனுக்கு ஓசி டேட்டா எதுக்கு? அந்த அனுபவத்துலதான் சொல்றேன், ஒவ்வொருத்தன் கையிலயும் போன்ங்கிறதவிட, நல்ல லைன் உள்ள ஒரு ரூம்ல எல்லாரும் ஒன்னா ஒக்காருறது எங்களுக்கு மேல்.

அதனால ஸ்க்ரீன் காசுல பாதிய மைக்குக்கு போடுங்க, மேசைக்கு ஒன்னு. கூரைக்கு கீழ ஒரு சீலிங் அடிங்க. எங்க பக்கம் பாடம் தெரிஞ்ச ஒரு டெமொன்ஸ்ட்ரேட்டர நிக்க வைங்க, என்னைய மாதிரி ரிமோட் புடிக்கிறவன் பத்தாது. இன்னொன்னு, நாலு கெழமைக்கு ஒருக்கா சேர் ராத்திரி பஸ் ஏறி இங்க வந்து இங்கருந்து லெக்சர் எடுக்கட்டும். அவரோட யாழ்ப்பாணத்து பேச்சு "விளங்குதோ பிள்ளையள்"க்கு நம்ம புள்ளைங்க சிரிக்காம பதில் சொல்ல பழகிருச்சிங்க, நேர்ல கேட்டா இன்னும் நல்லா சொல்லும். அன்னைக்கு மட்டும் அந்தப் பக்கத்து புள்ளைங்க ஸ்க்ரீன பாக்கட்டும், கைய தூக்கிப் பாக்கட்டும்.