கோணல் வீட்டை அதே இடத்தில்தான் எழுப்ப வேண்டும்

இங்கிலாந்தின் ஹிம்லியில் 'குரூக்ட் ஹவுஸ்' (கோணல் வீடு) என்ற பப், அதாவது மதுக்கூடம், இடிக்கப்பட்டது பற்றிய என் பதிவின் கீழ், "குடிகாரர்கள் கூடிய இடம் இடிந்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்று ஒருவர் கேட்டதையும் அதற்குக் குவிந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்திருப்பீர்கள். பதில் சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன், முடியவில்லை.

1765இல் பண்ணை வீடாகக் கட்டப்பட்டு, பிறகு பப்பாகி, அடியில் நிலக்கரி தோண்டியதால் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு அடி தாழ்ந்துபோன கட்டடம் அது. 1940களில் ஆபத்தானது என்று இடிக்க இருந்தபோதுகூட முட்டுச்சுவர் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2023 ஆகஸ்ட் 5 இரவு அது தீப்பிடித்தது. 7ஆம் தேதி பொக்லைன் வந்து தரைமட்டமாக்கிவிட்டது. மாடி முகப்பின் மூன்று பகுதிகளை அகற்ற மட்டுமே உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் சம்மதித்திருந்தது. பழையபடியே கட்டித்தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் அதே கவுன்சில் உத்தரவிட்டது. நான் கேட்பதும் அதைத்தான்: அதே இடத்தில், மிஞ்சிய செங்கற்களைக் கொண்டு, ஊரார் கூடும் இடமாக எழுப்புங்கள்.

நான் குடிப்பவன் அல்லன். உடன் பணியாற்றியவரின் ஓய்வு விருந்துக்காக அங்கே போயிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் ஜன்னல் விளிம்பில் கோலிக்குண்டை வைத்தார்; அது மேட்டை நோக்கி ஏறுவதுபோல் உருண்டது. என் மகள் குனிந்து குனிந்து பார்த்தாள். அவரோ தம் தகப்பனார் காலத்துச் சுரங்கக் கதைகளை, என் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு ஆறிப்போகும்வரை சொன்னார். டாஸ்மாக் வாசலை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த இடத்தை அளக்கும் மேதைகளுக்கு இது புரியாது.

"மறுபடி கட்டினால் அது வெறும் நகல்தானே?" என்பார்கள். லண்டன் கில்பர்னில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை 2015இல் அனுமதியின்றி இடித்தார்கள். அப்பகுதி மக்கள் விடவில்லை. அதை முன்பிருந்தபடியே கட்டவைத்து, 2021இல் திறக்கவும் வைத்தார்கள். அங்கே போய் உட்காருகிறவர்களிடம் நகல் என்று சொல்லிப் பாருங்கள். "அருங்காட்சியகத்துக்கு மாற்றலாமே" என்போருக்கு ஒன்றே ஒன்று: சாய்த்த மண்ணை விட்டுவிட்டுச் சாய்வை மட்டும் எங்கே கொண்டுபோவீர்கள்?

தனியார் சொத்து என்கிறீர்களா? பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், உத்தரவு உத்தரவுதான். மேலும், இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஒரு பப்பைச் சமூகச் சொத்தாகப் பதிவு செய்யவும், விற்பனைக்கு வந்தால் அதை வாங்க முயல அவகாசம் கேட்கவும் ஊராருக்கு வழியிருக்கிறது. சட்டமே பப்பை ஊர்ப் பொது இடமாக மதிக்கும்போது, நம்மவர்களுக்கு மட்டும் அது சாராயக் கடையாகவே தெரிகிறது. செலவு யாருடையது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, இடித்தவர்களைக் கேளுங்கள்.

கடைசியாக, அந்தக் கருத்தை எழுதிய நண்பருக்கு: சென்ற ஆண்டு உங்கள் மகனின் பிறந்தநாளை ஒரு பப்பின் மாடி அறையில்தான் கொண்டாடினீர்கள், ஐயா. வாடகை குறைவு என்று நீங்களே சொன்னீர்கள். சாம்பார் அண்டாவை என் காரில்தான் ஏற்றி வந்தேன்.