மஜீதியா ஊதியம் தொலைக்காட்சி நிருபர்களுக்கு இல்லை

பத்திரிகை ஊழியர்களின் சம்பளத்தைப் பரிந்துரைக்க மத்திய அரசு அமைத்தது மஜீதியா ஊதியக் குழு. "மஜீதியா ஊதியக் குழுவின் சம்பளம் எல்லா ஊடகத்தாருக்கும் கிடைக்கிறது, மதுரை நிருபர்கள் ஆசையால்தான் சென்னைக்கு ஓடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2011 நவம்பர் 11 அன்று அறிவிக்கப்பட்டு, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அந்தப் பரிந்துரை, நாளிதழ்களுக்கும் செய்தி முகமைகளுக்கும் மட்டுமே உரியது. தொலைக்காட்சி அதில் சேரவில்லை. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் அது பொருந்தும் என்று 2017 ஜூனில் நீதிமன்றம் சொன்னதும் பத்திரிகைகளைப் பற்றித்தான்.

மதுரையில் செய்தி ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது நான் பார்த்தது இது: மேலூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், தை மாதம் அலங்காநல்லூர் வாடிவாசலில் விடிகாலை முதல் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு, ஒளிபரப்பான செய்திக்கு மட்டும் கணக்கிட்ட தொகையைப் பெற்றார்; பெட்ரோல் செலவு அவருடையது. (கேமராவும் அவருடையதே, தவணையில் வாங்கியது.) வேலை நியமனக் கடிதமோ வைப்பு நிதியோ இல்லாத ஒருவர் விலகுவதை 'ஓடுதல்' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டு ஆண்டு பழக்கி எடுத்தவரை இழந்த பிறகே எங்கள் நிறுவனம் அவரது மாதச் சம்பளக் கோரிக்கைக் கடிதத்தைத் தேடியது.