வேலி யாருக்கு இல்லை?

சனிக்கிழமை ஆறுதல் ஜெபத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் யார், எந்தச் சபை என்று எழுதப்போவதில்லை. மண் சரிந்து வீட்டுக்காரரைப் பறிகொடுத்து இரண்டு வாரம்கூட ஆகாத அக்காவை முன்வரிசையில் உட்காரவைத்து, மைக்கில் "இந்த வீட்டைச் சுற்றி ஜெபவேலி இல்லை, அதான் சத்துரு உள்ளே வந்தான்" என்று பேசுவதற்குப் பெயர் பிசாசோடு செய்யும் ஆவிக்குரிய யுத்தமாம்.

யாரோடு யுத்தம் பிரதர்? அந்த அக்காவோடா?

வேலி வசனம் யோபு முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. "அவனைச் சுற்றி வேலியடைக்கவில்லையோ" என்று கேட்பது சாத்தான். அந்த யோபு, பிள்ளைகளுக்காக அதிகாலையில் எழுந்து பலி செலுத்துகிறவன். அப்படியும் பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில், வீடு இடிந்து விழுந்துதான் செத்தார்கள். அது ஜெபக்குறைவா? இன்னொன்று, தேவன் காப்பார் என்று சொல்லும் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைக் காட்டி இயேசுவையே தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னவனும் அதே ஆள்தான். வசனம் தெரிந்துவிட்டால் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

உடனே "நீ பிசாசே இல்லை என்கிறாயா, லிபரலாகிவிட்டாயா" என்று கமெண்ட் வரும். நம்புகிறேன். தானியேல் பத்தாம் அதிகாரத்தை நானும் படித்திருக்கிறேன். தானியேலின் ஜெபத்துக்குப் பதில் கொண்டுவந்த தூதனைப் பெர்சியாவின் அதிபதி என்கிற பொல்லாத ஆவி 21 நாள் எதிர்த்து நின்றான், தூதர்களில் பெரியவனான மிகாவேல் உதவிக்கு வந்தான். ஆனால் தூதன் வந்ததும் தானியேலிடம் "உன் உபவாசம் பத்தவில்லை" என்றா சொன்னான்? முதல் நாளிலேயே உன் வார்த்தை கேட்கப்பட்டது என்றான். வெளிப்படுத்தல் புத்தகத்தில் வலுசர்ப்பமாகிய சாத்தானை ஜெயித்தவர்கள் தங்கள் ஜீவனையும் பாராமல் செத்துத்தான் ஜெயித்தார்கள். அடுத்த அதிகாரத்திலேயே மிருகம் பரிசுத்தவான்களோடு யுத்தம் செய்து அவர்களை ஜெயிக்கிறது. அவர்களுக்கும் வேலி இல்லையா?

"சீலோவாம் கோபுரம் விழுந்தபோது இயேசு மனந்திரும்பச் சொன்னாரே" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். சொன்னார். செத்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார், செத்தவன் பெண்டாட்டியைப் பார்த்து அல்ல. அவ்வளவுதான் என் பதில்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் இதைச் செய்திருக்கிறேன். 2009 நவம்பர். நீலகிரியில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அன்று ராத்திரி எங்கள் லைன் வீட்டில் அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தத் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். விடிந்து பார்த்தால் கீழ்வரிசையில் கடைசி வீடு இல்லை. அந்த வீட்டுப் பாட்டிதான் நாலு மணி ஜெபத்துக்குத் தினமும் எங்கள் கதவைத் தட்டி அம்மாவை எழுப்புகிறவர்.

அடுத்த ஞாயிறு ப்ளஸ் டூ படிக்கிற நான் எழுந்து சாட்சி சொன்னேன். அதே சங்கீதத்தின் வசனம்தான்: "உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது." எல்லோரும் அல்லேலூயா சொல்லிக் கைதட்டினார்கள். பாட்டியின் மகள் இரண்டு பெஞ்ச் பின்னால் இருந்தார். அவர் தட்டினாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை அவரிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அந்த அக்கா வீட்டுக்கு மேலே ஜேசிபி வைத்துச் சரிவைச் செங்குத்தாக வெட்டியது யார் என்று ஊருக்கே தெரியும். தண்ணீர் போகிற ஓடையை மூடினதும் தெரியும். அப்படி வெட்டின மேட்டு மண்ணுக்குள் தண்ணீர் இறங்கினால் அது நிற்பது கஷ்டம். அதற்கு எதிராக ஒரு உபவாச ஜெபம் போடுங்களேன். மாட்டீர்கள், வெட்டினவர் ஆலயத்துக்கு பெயின்ட் அடித்துக் கொடுத்தவர் ஆயிற்றே.

"தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், பொதுவில் எழுதணுமா" என்கிறீர்கள். மைக்கில் பேசினவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டா சொன்னார்?

சரி. வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா வீட்டுப் பின்னால் மண் அள்ளப் போகிறோம். மண்வெட்டி, கூடை இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். மைக் கிடையாது.