பந்தி விசாரிப்பும் அழைப்புதான்
வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டி, போதிப்பதுதான் தேவனுடைய மேலான அழைப்பு, பந்தி விசாரிப்பு, அதாவது சபையில் உணவு பங்கிடும் வேலை, அதற்குக் கீழே என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்குத் தெரிந்தெடுத்த ஏழு பேரிடம் கேட்கப்பட்ட தகுதி நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். கை வைத்து ஜெபித்துத்தான் அவர்களை ஏற்படுத்தினார்கள். ஞானம் எதற்கு என்பது கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ சபை சார்பில் கஷ்டப்படுகிறவர்களுக்கு உலருணவுப் பொதி கட்டியவர்களுக்குத் தெரியும். ஆராதனைக்கு வருபவர்களை வைத்து மட்டும் பட்டியல் எழுதினால் படுக்கையில் கிடப்பவரும் ஞாயிற்றுக்கிழமையும் கூலிக்குப் போகிறவரும் விடுபட்டுவிடுவார்கள். எருசலேமில் எழுந்த முறைப்பாடும் இதுதானே, அன்றாடப் பங்கீட்டில் விதவைகள் விடுபட்டார்கள் என்று. எல்லாருக்கும் ஒரே பொதி என்றால் சீனி வருத்தக்காரருக்கு 1 கிலோ சீனி போகும், பிரஷர் உள்ளவருக்குக் கருவாடு போகும், ஒரு வயது நிரம்பாத பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சாதாரண பால்மா போகும். முதலில் இரண்டு பேராக வீட்டுக்குப் போய், யாருக்கு என்ன வருத்தம், சமைக்க காஸ் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே சாமான் வாங்க வேண்டும். பீடத்துக்கு முன் பெயர் வாசித்துக் கொடுத்தால் வெளிப்படையாக இருக்கும் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்தால் உண்மையில் கஷ்டப்படுகிறவர் வெட்கப்பட்டு அடுத்த முறை வரவே மாட்டார். கணக்கைச் சபைக் கமிட்டிக்குக் காட்டினால் போதும், பொதியை வீட்டிலேயே கொடுங்கள்.