புழல் ஏரிக்கும் இந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை

"புழல் ஏரியைச் சொல்லாமல் திறந்துவிட்டார்கள், அதான் வியாசர்பாடியில் முழங்கால் தண்ணீர்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லைங்க. புழல் உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. வியாசர்பாடி அந்த வழியிலேயே இல்லை. அப்புறம், உபரிநீர்ப் பேச்செல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும்; கோடையில் ஏரி அந்த அளவுக்கு நிறைவதே அபூர்வம்.

நடந்தது வேறு; இது கோடை இடிமழைத் தண்ணீர். பகல் வெயிலில் சூடேறிய காற்று கடற்காற்றோடு மோதி மேலெழும்பினால் இடிமேகம். ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 5 செ.மீ. மழை என்றால் சதுர கிலோமீட்டருக்கு 5 கோடி லிட்டர். வியாசர்பாடிப் பக்கம் ஓடும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயும் அதை உடனே வாங்கிக்கொள்ளுமா? எங்கள் தெருமுனை வடிகால் கம்பியில் நேற்று பால் கவரும் இளநீர் மட்டையும் அடைத்துக் கிடந்தன. துடைப்பக் கட்டையால் இழுத்துப் போட்டதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. ஏரித் தண்ணீராக இருந்தால் இப்படியா வடியும்?

கணேசபுரம் சுரங்கப்பாதை பள்ளம், சீக்கிரம் வடியாது. இன்று அந்தப் பக்கம் வண்டியை விடாதீர்கள்.