மூன்றாவது கட்டம்

ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகள் நிறைந்த எங்கள் முப்பந்தலில் எடுத்த அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்று நாலு நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நீங்கள் விடவில்லை. உள்பெட்டியில் பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். "அண்ணாச்சி, உங்க ஊரு மானம் போகுது, பாத்தீங்களா?" பார்த்தேன். பதினெட்டாவதாக எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் என் மச்சானே அதைப் போட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை மூன்றையும் கீழே வைத்திருந்தான். சரி, எழுதிவிடுகிறேன்.

பேர் சொல்ல மாட்டேன், யாரென்று உங்களுக்கே தெரியும். நாலுவழிச் சாலையில் காரை ஓரங்கட்டி, கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறார். பின்னால் வரிசையாகக் காத்தாடிகள், அதுதான் காற்றாலைகள். "கோடி கோடியா கொட்டி நட்டு வச்சிருக்காங்க, ஒண்ணாவது சுத்துதா பாருங்க மக்களே! இதை நம்பித்தான் உலகம் நிலக்கரியை மூடப்போகுதாம்." அப்புறம் ஒரு சிரிப்பு.

ஐயா, அந்த வீடியோவை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உங்கள் தலைமுடி பறக்கிறது. சட்டைக் காலர் கன்னத்தில் பட்பட்டென்று அடிக்கிறது. மைக்கில் உங்கள் பேச்சை விடக் காற்றின் இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது. இவ்வளவு காற்றில் நின்றுகொண்டு, "காத்தாடி ஏன் சுத்தலை?" என்று காத்தாடியைப் பார்த்துக் கேட்கிறீர்களே, அதை நிறுத்தியது யார் என்று கேட்கத் தோன்றவில்லையா?

அந்தக் காத்தாடிகள் தானாக நிற்கவில்லை. நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். விடை இந்த மூன்றிலேயே இருக்கிறது. ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உச்சத்தில் இருக்கும். மத்தியானத்தில் சூரிய மின்சாரமும் உச்சம். ஞாயிறு என்றால் மில், ஃபவுண்டரி, ஆபீஸ் எல்லாம் லீவு. கரண்டு என்ன அரிசி மூட்டையா, குடோனில் அடுக்கி வைக்க? அந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவுதான் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. யாராவது குறைத்தாக வேண்டும். அனல் மின் நிலையத்தைக் கேட்டால், ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பார்கள். நம் நாட்டில் முழுத் திறனில் 55 சதவீதம் வரைதான் பெரும்பாலும் இறக்குகிறார்கள். மொத்தமாக அணைத்துவிட்டால், மறுபடி பற்றவைத்துச் சூடேற்றிச் சாயங்காலத்துக்குள் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காத்தாடிக்கு ஒரு போன் போதும். எது லேசாக நிற்குமோ அதை நிறுத்துகிறார்கள். சைட்டில் இதற்குப் பேர் பேக் டவுன். காற்றையும் சூரியனையும் கிரிட்டுக்கு, அதாவது கரண்டைக் கொண்டுபோகிற லைன் வலைக்கு, ஆபத்து என்றால் மட்டும்தான் நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது.

இன்னும் அந்தப் பக்கம் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தனுக்குப் போன் போட்டேன். "ஆமாண்ணே, பதினோரு மணிக்கே நிறுத்தச் சொல்லிட்டாவ. நாலு மணிக்கு மேலதான் விட்டாவ." அவ்வளவுதான் விஷயம். நம் ஆள் வந்து படம் பிடித்தது ரெண்டு மணிக்கு.

"உனக்கு என்னடா தெரியும்" என்று கேட்பவர்களுக்கு: இப்போது கோயம்புத்தூரில் பேனல் போர்டு கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஆறு வருஷம் பணகுடிப் பக்கம் ஒரு சைட்டில் ஆபரேட்டர். 225 கிலோவாட் மிஷின்கள். இப்போது வருகிறதெல்லாம் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். ஆனால் அந்தச் சின்ன டவருக்குள்ளேயே ஏணியில் ஏறி உச்சிக்குப் போய்விட்டால், சீசன் காற்றில் டவர் ஆடுவது வயிற்றில் தெரியும். முதல் நாள் கிரீஸ் டப்பாவோடு ஏறி, மேலேயே வாந்தி எடுத்தவன் நான்.

எங்களுக்கு ஒரு நோட்டு உண்டு. மிஷின் நின்றால் ஏன் நின்றது, எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். காரணத்துக்குக் கோடு போட்டு மூன்று கட்டம். முதல் கட்டம், மிஷின் கோளாறு. ரெண்டாவது, காற்று இல்லை. மூன்றாவது, கிரிட் இல்லை. ஃபீடர் ட்ரிப் (கரண்டை எடுத்துப்போகிற லைன் பட்டென்று அணைவது), சப்ஸ்டேஷனில் வேலை, மேலே இருந்து போன், எல்லாம் இந்த மூன்றாவதில்தான் வரும். மார்கழி, தை மாசத்தில் ரெண்டாவது கட்டம் நிரம்பும், அது இயற்கை. ஆனால் ஆனி, ஆடி, ஆவணியில், காற்று கொட்டுகிற மாசத்தில், நான் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது மூன்றாவது கட்டத்தில். மிஷின் ரெடி, காற்று இருக்கு, கிரிட் இல்லை.

இன்றைக்கு உலகம் முழுக்க இந்தப் பிரச்சினை மூன்றாவது கட்டத்துக்கு வந்துவிட்டது. இதைத்தான் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

எரிச்சலோடு எழுதுவதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் உலகம் உண்டாக்கிய மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீர், காற்று, சூரியன் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் வந்தது. சூரிய மின்சாரம் மட்டும் மூன்றே வருஷத்தில் ரெட்டிப்பானது. 2025-ன் முதல் ஆறு மாதத்தில் இவை எல்லாம் சேர்ந்து நிலக்கரியையே முந்திவிட்டன, முதல் தடவையாக. அந்த ஆறு மாதத்தில் உலகத்தின் மின்தேவை எவ்வளவு கூடியதோ, அதை விடக் கூடுதலாகச் சூரியனும் காற்றும் சேர்ந்து தந்தன. பிரிட்டனில், 1882-ல் லண்டனில் நிலக்கரியை எரித்துக் கரண்டு எடுக்க ஆரம்பித்த அதே நாட்டில், 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி கடைசி நிலக்கரி மின் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். "மூடப்போகுதாம்" என்று சிரித்தீர்களே, ஒருத்தர் மூடியே விட்டார்.

அதே பிரிட்டனில் மூன்றாவது கட்டமும் இருக்கிறது. காற்று வடக்கே ஸ்காட்லாந்தில், கரண்டு வேண்டியவர்கள் தெற்கே. நடுவில் லைன் போதாது. அதனால் அடிக்கிற காற்றில் காத்தாடியை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்குக் காசும் கொடுக்கிறார்கள். சீனாவில் கான்சு மாகாணத்தில் 2016-ல் காற்றாலைகள் தந்திருக்கக்கூடிய மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வீணாய்ப் போனது. அவர்கள் யாரும் காத்தாடி முன்னால் நின்று வீடியோ எடுத்துச் சிரித்ததாகத் தெரியவில்லை. லைன் இழுத்தார்கள். 2019-ல் ஷின்ஜியாங்கிலிருந்து அன்ஹுய் வரை 3,300 கிலோமீட்டருக்கு ஒரே லைன், 1,100 கிலோவோல்ட். கன்னியாகுமரியிலிருந்து புறப்பட்டால் காஷ்மீரையும் தாண்டிவிடும். பக்கத்து இலங்கையில் 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்து வைக்கச் சொன்னார்கள். தேவை குறைவு, வெயில் அதிகம். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைக் கதையேதான்.

அடுத்து உங்கள் கேள்விகள். "ராத்திரி சூரியன் உண்டா?" இதைக் கேட்டவர் நாற்பது பேர் இருக்கும். இத்தனை நாளாக இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள், நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் 2024 ஏப்ரலில் ஒரு சாயங்காலம், கொஞ்ச நேரத்துக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாகக் கரண்டு கொடுத்தது பேட்டரிதான். பகல் வெயிலைப் பிடித்து வைத்து இருட்டில் விட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஆனைமலைக் காட்டில் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து இருக்கிறது. கரண்டு மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது இறக்கிவிட்டுக் கரண்டு எடுப்பார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் செய்து காட்டியதை இன்னும் நாலு இடத்தில் செய்திருந்தால் என் நோட்டில் மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்திருக்கும்.

"ஸ்பெயின் இருட்டில் கிடந்ததே?" கிடந்தது, 2025 ஏப்ரல் 28. அதை ஆராய்ந்தவர்கள் சொன்னது, வோல்டேஜ் எகிறியதை அடக்கவேண்டிய ஏற்பாடு போதவில்லை என்று. அதுவும் மூன்றாவது கட்டம்தான் ஐயா. சூரியன்தான் காரணம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் 2012 ஜூலை 31-ஐயும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வட இந்தியா, கிழக்கு, வடகிழக்கு எல்லாம் சேர்ந்து 60 கோடி பேருக்கு மேல் கரண்டு போனது. அன்றைக்கு இந்தியாவில் சோலார் எவ்வளவு இருந்தது? சாம்பாரில் பெருங்காயம் அளவு.

அதே 2012. சென்னையை விட்டுவிட்டு மற்ற ஊர்க்காரர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கரண்டு இருந்தது? கோயம்புத்தூரில் என் கடையில் டிரில்லிங் மிஷின் மேல் சிலந்தி வலை பின்னியது. ஆடி பிறந்து காற்று அடித்தால்தான் கட் குறையும். அப்போது தெருவில் போகிறவர், "தம்பி, உங்க ஊர்ல காத்து எப்படி?" என்று கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார். அந்த வருஷம் நான்தான் தெருவுக்கு வானிலை அறிஞர். அன்றைக்குக் காத்தாடியைக் கும்பிட்ட ஆட்கள் இன்றைக்குச் சிரிக்கிறார்கள்.

என் பக்கத்து ஆட்களையும் விடுவதாக இல்லை. "இந்தியாவில் பாதிக் கரண்டு பசுமை ஆகிவிட்டது" என்று 2025-ல் லட்டு பங்கிட்டவர்களே, பாதியைத் தொட்டது நிறுவு திறன், அதாவது நட்டு வைத்த மிஷின்களின் அளவு, அவை தந்த கரண்டு இல்லை. அதுவும் அணுமின்சாரத்தைச் சேர்த்துத்தான். கம்பியில் வருகிற யூனிட்டில் 2024-ல்கூட ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரிதான். இப்படி அரைகுறையாகச் சொல்லிச் சொல்லித்தான் கூலிங் கிளாஸ்காரருக்கு வாய்ப்புக் கொடுக்கிறீர்கள்.

காத்தாடியில் அடிபடுகிற பறவைகள்? அதற்குத் தனியாக எழுதுகிறேன். பழைய பிளேடை எங்கே போடுவது? என்னிடம் பதில் இல்லை, அடுத்தது.

அடுத்தது நிலம். இதைக் கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். பழவூர்ப் பக்கத்துப் பையன். "அண்ணாச்சி, நம்ம நிலத்தை அள்ளிட்டுப் போனவனுக்கு நீங்க வக்காலத்தா?" ரெண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன். அவன் கேட்டது நியாயம். இலங்கை மன்னாரில் 2025-ல் ஜனங்கள் காத்தாடி வேண்டாம் என்று ரோட்டில் இறங்கினார்களே, அவர்களைப் பார்த்து "வளர்ச்சிக்கு எதிரி" என்று என் நண்பர்கள் சிலர் எழுதியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நிலம் போனவனுக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் புஞ்சை. பனையும் உடைமரமும். தொண்ணூறுகளில் ஒரு ஏஜென்டு வெள்ளை வேட்டியில் வந்தார். "காத்தைப் பிடிச்சு விக்கப் போறானுவளாம்" என்று ஆச்சி சிரித்தாள். அப்புறம் பயந்தாள், "மேகத்தை வெட்டிருவானுவ, மழை வராது" என்றாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். என்ன விலை என்று இங்கே எழுத மாட்டேன், வெட்கமாக இருக்கிறது. ஆறு மாசத்தில் எங்கள் நிலத்தில் டவர் எழும்பியது. அடுத்த வருஷம் அப்பாவே அதற்கு வாட்ச்மேன். சொந்தமாக இருந்த நிலத்தில், காக்கிச் சட்டையும் விசிலுமாக, மாசச் சம்பளத்துக்கு.

அவர் அதை வெறுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். நாற்காலியைப் போட்டு அண்ணாந்து பார்த்தபடி நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவார். காற்று அடிக்கிறபோது அது நின்றுவிட்டால் எனக்குப் போன் வரும். "ஏல, நிப்பாட்டிட்டானுவ. இவ்வளவு காத்து சும்மா போகுதே." நிலத்துக்கு வாங்கிய காசுக்கு அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. சும்மா போகிற காற்றுக்கு வருத்தப்படுவார்.

இப்போது கமென்டில் ஒருத்தர் எழுதுகிறார், "கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு எழுதுறான்" என்று. ஆமாம் ஐயா, வாங்கினோம். மூன்று ஏக்கருக்கு வாங்கினோம்.

அந்த வீடியோவில் நாற்பதாவது நொடியில் அவர் விரலை நீட்டி, "இதைப் பாருங்க, செத்துப் போய் நிக்குது" என்கிறாரே, இடப்பக்கமிருந்து ரெண்டாவது, குட்டையாக, துருப்பிடித்த ஏணியோடு ஒன்று. அது எங்கள் நிலத்தில் நிற்பது. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அது செத்துப் போகவில்லை. அன்றைக்கு நாலு மணிக்குப் பிறகு சுற்றியது, தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஊர் பேர் தெரியாத ஆள் சிரித்துவிட்டுப் போகட்டும், அவருக்கு வியூஸ் வேண்டும். மச்சான், உனக்கு என்னல? பள்ளிக்கூட லீவுக்கு வந்தப்போ அந்த டவர் நிழல்ல எங்க அப்பாகூட உக்காந்து, அவர் தூக்குவாளியில இருந்துதானே கஞ்சி குடிச்ச? குரூப்ல அந்த மூணு பொம்மையையும் இன்னும் நீ எடுக்கலை. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.